மாடு, எலி, மனிதன்: ஒரு மாத்திரையின் நூறு வருடக் கதை



இது நீண்ட பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். ஆனால் உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ இதய வால்வு மாற்றியவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் இருந்தால் தள்ளிப் போடாமல் இன்றைக்கே படித்துவிடுங்கள்.

போன மாதம் ஏரிக்கரைக் குப்பம் ஒன்றுக்குப் போயிருந்தேன். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் வேண்டாம். என்னிடம் ஒன்பதாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் படித்தவன். நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஏழு வருடம் முன்பு அவனுக்கு வால்வு மாற்றினார்கள். என் நெஞ்சிலும் 2010-லிருந்து ஒரு உலோக வால்வு டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருக்கிறது என்பதால், ஆசிரியர் மாணவன் என்பதைத் தாண்டி எங்களுக்குள் ஒரு கூட்டாளி உறவு. இரண்டு பேரும் ஒரே மாத்திரை.

வலையிலிருந்து மீனைப் பிரிக்கும்போது அவன் கையில் கெளுத்தி முள் குத்திவிட்டது. நம் பக்கத்தில் அது தினப்படி நடப்பதுதான். மற்றவர்களுக்குச் சுண்ணாம்பைத் தடவினால் முடிந்துபோகும். இவனுக்கு மாலை வரை ரத்தம் கசிந்திருக்கிறது. மறுநாள் கை முழுக்க நீலம். யாரோ கைபேசியில் தேடிப் பார்த்து, “டேய், இது எலி மருந்துடா” என்று சொல்லியிருக்கிறார்கள். அன்றே மாத்திரையை நிறுத்தினான். ரத்தம் நின்றது, நீலம் மறைந்தது, ஆளுக்கும் தெம்பு வந்த மாதிரி இருந்தது. மூன்றாவது வாரம் விடியற்காலையில் எழுந்து பேச வாயெடுத்தான். வார்த்தை வரவில்லை. வலது கை தூக்கவில்லை. வால்வில் கட்டிய ரத்தக்கட்டி ஒன்று மூளைக்குப் போய்விட்டது. உயிர் பிழைத்தான். பேச்சு ஓரளவு திரும்பியது. வலை வீசும் கை இன்னும் திரும்பவில்லை.

அவன் மனைவி என்னைக் கேட்டாள்: “சார், நீங்க படிச்சவரு. எலிக்கு வைக்கிறதைத்தான் மனுசனுக்கும் குடுக்கிறாங்களாமே, நெசமா?”

முப்பத்திரண்டு வருடம் சரித்திரப் பாடம் நடத்தியவனிடம் கேட்க வேண்டிய கேள்விதான். “நெசம்தாம்மா, ஆனா பாதிதான் உனக்குச் சொல்லியிருக்காங்க” என்றேன். மீதிப் பாதியை அன்று அவளிடம் சொன்னேன். அதையே உங்களுக்காகக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்ய வேண்டும். நாம் எல்லோரும் இதை “ரத்தத்தை மெலிதாக்கும் மாத்திரை” என்கிறோம். ஆங்கிலத்திலிருந்து வந்த பேச்சு, ஆங்கிலத்திலேயே தவறான பேச்சு. இந்த மாத்திரை சாப்பிட்டால் ரத்தம் கஞ்சித் தண்ணி மாதிரி நீர்த்துப்போவதில்லை, உடம்பில் ரத்தம் குறைவதுமில்லை. காயம் பட்ட இடத்தில் ரத்தம் உறைவதற்குக் கல்லீரல் சில புரதங்களைச் செய்து அனுப்புகிறது. அவற்றில் நான்கைச் செய்துமுடிக்க வைட்டமின் கே வேண்டும். மாத்திரை அந்த வைட்டமினைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தவிடாமல் தடுக்கிறது. உறைவது நின்றுபோவதில்லை, தாமதமாகிறது. அவ்வளவுதான் அது செய்யும் வேலை.

வால்வில் கட்டி சேராமல் காப்பதும் அந்தத் தாமதம்தான். கெளுத்தி முள் குத்தினால் மாலை வரை ரத்தம் கசிவதும் அதே தாமதம்தான். “பக்க விளைவு” என்ற சொல்லை இந்த மருந்துக்குப் பயன்படுத்த எனக்கு மனம் ஒப்பவில்லை. தலைவலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கினால் அது பக்க விளைவு. இங்கே நன்மையும் கெடுதலும் ஒரே விளைவு. எவ்வளவு என்பது மட்டும்தான் வித்தியாசம். அந்த “எவ்வளவு” என்பதை அளக்கக் கற்றுக்கொள்ள மனிதனுக்கு அறுபது வருடம் ஆயிற்று. என் பார்வையில் இந்த மருந்தின் சரித்திரமே அதுதான்.

கதை மாட்டிலிருந்து தொடங்குகிறது.

1920-களில் கனடாவிலும் அமெரிக்காவின் வடபகுதியிலும் குளிர்ப் பிரதேசத்து விவசாயிகள் ஸ்வீட் க்ளோவர் என்ற தீவனப் பயிரைப் பயிரிட்டார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்தது. மோசமான மண்ணிலும் வளரும், மாடு விரும்பித் தின்னும், உலர்த்தி அடுக்கினால் வாசனையாக இருக்கும். அந்த வாசனைக்குக் காரணம் கூமரின் என்ற பொருள். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

சில ஆண்டுகளில் மாடுகள் விசித்திரமாகச் சாக ஆரம்பித்தன. கொம்பு நறுக்கினால் ரத்தம் நிற்கவில்லை. காயடித்த காளைகள் மறுநாள் செத்துக் கிடந்தன. சிலவற்றுக்கு வெளியில் காயமே இல்லை, உள்ளுக்குள் ரத்தம் கசிந்து போய்விட்டன. தொற்றுநோய் என்று பலர் நினைத்தார்கள்.

இதைத் துலக்கியவர் பிராங்க் ஸ்கோஃபீல்ட், கனடாவின் ஒன்டாரியோ கால்நடைக் கல்லூரி ஆசிரியர். அவர் செய்தது எந்தப் பள்ளி மாணவனும் புரிந்துகொள்ளும் சோதனை. ஒரே வைக்கோற்போரிலிருந்து நல்ல தண்டுகளைத் தனியாகவும் பூஞ்சை பிடித்த தண்டுகளைத் தனியாகவும் பொறுக்கினார். முயல்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். நல்லதைத் தின்ற முயல் பிழைத்தது. கெட்டதைத் தின்றது ரத்தம் கசிந்து செத்தது. ஆகவே நோய்க்கிருமி இல்லை, பயிரும் தன்னளவில் குற்றவாளி இல்லை. ஈரத்தில் அடுக்கிக் கெட்டுப்போன வைக்கோலே காரணம்.

இங்கே ஒரு நிமிடம் விலகிப் போகிறேன், பழைய வகுப்புப் பழக்கம். இந்த ஸ்கோஃபீல்ட் அதற்கு முன் கொரியாவில் மருத்துவக் கல்லூரி ஆசிரியராக இருந்தவர். சிறுவயதில் போலியோ தாக்கியதால் தாங்கித் தாங்கி நடப்பவர். 1919 மார்ச் 1 அன்று ஜப்பானிய ஆட்சிக்கு எதிராகக் கொரிய மக்கள் எழுந்தபோது அதைப் படம் பிடித்து உலகுக்குக் காட்டினார். அந்த ஏப்ரல் 15 அன்று ஜெயாம்ரி என்ற கிராமத்தில் மக்களைத் தேவாலயத்துக்குள் அடைத்துக் கொன்றார்கள். அவர் அங்கே போய்ப் பதிவு செய்தார். நம் ஜாலியன்வாலாபாக் அதற்கு இரண்டே நாள் முன்பு, ஏப்ரல் 13. இரண்டு சாம்ராஜ்யங்கள், ஒரே வாரம். கொரியாவின் விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்கள் 33 பேர், இவரை 34-வது ஆள் என்று கொரியர்கள் இன்றும் கொண்டாடுகிறார்கள். 1970-இல் இறந்தபோது சியோலில் தேசியக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். எனக்கும் என் மாணவனுக்கும் மாத்திரை கொடுத்த பரம்பரையின் மூத்தவர் இப்படிப்பட்டவர் என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். காரணம் தெரிந்துவிட்டது, ஆனால் கெட்ட வைக்கோலில் இருந்த பொருள் எது என்று தெரியவில்லை. அமெரிக்காவின் வட டகோட்டாவில் லீ ராடரிக் என்பவர், இந்த மாடுகளின் ரத்தத்தில் உறைவதற்கு வேண்டிய புரோத்ராம்பின் குறைந்துபோகிறது என்று கண்டார். அதோடு நின்றது.

1933 பிப்ரவரி, ஒரு சனிக்கிழமை. விஸ்கான்சின் மாநிலத்தில் கடும் பனிப்புயல். எட் கார்ல்சன் என்ற விவசாயி ஒரு லாரியில் ஏறக்குறைய 300 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு மாடிசன் நகரத்துக்கு வந்தார். லாரியில் செத்த கிடேரி ஒன்று, கெட்ட வைக்கோல் கொஞ்சம், ஒரு பால் கேனில் உறையாத ரத்தம். அரசுக் கால்நடை அலுவலகம் விடுமுறை நாள் என்று மூடியிருந்தது. திறந்திருந்த ஒரு கதவைத் தேடிப் போனபோது அது பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க் என்ற வேதியியல் பேராசிரியரின் ஆய்வகம். லிங்கிடம் அன்று மருந்தில்லை. அந்த வைக்கோலைப் போடாதே, முடிந்தால் நல்ல மாட்டு ரத்தம் ஏற்று என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. கார்ல்சன் அதே பனியில் திரும்பிப் போனார்.

பால் கேனில் உறையாத ரத்தம் என்றதும் நம் ஊர்க்காரர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வர வேண்டும். கண்ணாடி விரியன் கடித்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் என்ன செய்வார்கள்? கொஞ்சம் ரத்தம் எடுத்து, சுத்தமான காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் 20 நிமிடம் வைப்பார்கள். பிறகு சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் விஷம் ஏறிவிட்டது என்று மருந்து ஏற்றுவார்கள். ஏரியில் இறால் தடவிப் பிடிக்கும் நம் இருளர் குடும்பங்களில் இந்தக் குழாயைப் பார்க்காதவர்கள் குறைவு. கார்ல்சன் கொண்டுவந்த பால் கேனும் அதே சோதனைதான், கொஞ்சம் பெரிய குழாயில். விரியன் விஷம் உறையவைக்கும் பொருள்களைத் தாறுமாறாகச் செலவழித்துக் காலிசெய்கிறது. கெட்ட வைக்கோல் அவற்றை உருவாகவிடாமல் தடுக்கிறது. பாதை வேறு, குழாயில் தெரிவது ஒன்று.

லிங்கின் மாணவர்கள் ஆறு வருடம் உழைத்தார்கள். 1939 ஜூனில் ஹெரால்ட் காம்ப்பெல் என்பவர் அந்தப் பொருளைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். அதற்குப் பெயர் டைகூமரால். வாசனைக்குக் காரணமான கூமரின், பூஞ்சை பிடிக்கும்போது இப்படி மாறிவிடுகிறது. மாட்டைக் கொன்ற பொருள் மனிதனின் ரத்தக்கட்டியைத் தடுக்குமா என்று மருத்துவர்கள் உடனே கேட்டார்கள். 1941 வாக்கிலேயே மனிதர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

இதைத்தான் அந்தப் பெண்ணிடம் முதலில் சொன்னேன். எலிக்குப் போவதற்கு முன்பே இந்தக் குடும்பத்து மருந்து மனிதனுக்கு வந்துவிட்டது.

எலி பின்னால் வந்தது. 1945-இல் லிங்க் காசநோய்ச் சிகிச்சையில் ஓய்வாகப் படுத்திருந்தபோது எலி ஒழிப்பின் வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தாராம். மாட்டைக் கொல்வது எலியைக் கொல்லாதா என்று தோன்றியிருக்கிறது. டைகூமரால் எலிக்கு மெதுவாகத்தான் வேலை செய்தது. தன் ஆய்வகத்தில் செய்து வைத்திருந்த அதன் உறவுக்காரப் பொருள்களை வரிசையாகச் சோதித்தார்கள். 42-வது எண் பொருள் பலமாக இருந்தது. ஆய்வுக்குப் பணம் கொடுத்த விஸ்கான்சின் பழைய மாணவர் ஆய்வு நிறுவனத்தின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘வார்ஃப்’. கூமரினின் வாலை ஒட்டினார்கள், வார்ஃபரின் ஆயிற்று. பழைய மாணவர்கள் பெயரில் ஒரு மருந்து. என் பழைய மாணவர்கள் கவனிக்கவும். 1948-இல் எலி மருந்தாகக் கடைக்கு வந்தது.

1951-இல் அமெரிக்கப் படையில் சேர்ந்த இளைஞர் ஒருவர் விரக்தியில் இந்த எலி மருந்தை உட்கொண்டார். மருத்துவமனையில் வைட்டமின் கே-யும் ரத்தமும் ஏற்றினார்கள். முழுமையாகக் குணமானார். அந்தச் சம்பவத்திலிருந்து மருத்துவர்கள் கண்டது, இதற்கு மாற்று மருந்து கையில் இருக்கிறது என்பது. அந்த மாற்று மருந்தைக் கண்டுபிடித்த கதையும் தற்செயல்தான். டென்மார்க்கின் ஹென்ரிக் டாம் கொழுப்பு நீக்கிய தீனி போட்டு வளர்த்த கோழிக்குஞ்சுகளுக்கு ரத்தக்கசிவு வருவதைக் கண்டு அதைத் துரத்திப் போனார். உறைதலுக்கு அந்த ஊர் மொழியில் ‘கே’ எழுத்தில் தொடங்கும் சொல், அதனால் வைட்டமின் கே. 1943-க்கான நோபல் பரிசை எட்வர்ட் டாய்சியுடன் பகிர்ந்துகொண்டார்.

1954-இல் வார்ஃபரின் மனிதர்களுக்கு அனுமதிக்கப்பட்டது. அடுத்த வருடமே அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கு மாரடைப்பு வந்து அவருக்கும் இதைக் கொடுத்தார்கள். அதன்பிறகு “எலி மருந்து” என்ற முணுமுணுப்பு அங்கே அடங்கியது. நம் குப்பங்களில் எழுபது வருடம் கழித்தும் அடங்கவில்லை. இந்தியாவில் பலருக்கும் கொடுப்பது வார்ஃபரினின் நெருங்கிய உறவான அசினோகூமரால். அசிட்ரோம் என்று அட்டையில் பார்த்திருப்பீர்கள். வேலை ஒன்றுதான்.

மருந்து கிடைத்துவிட்டது. எவ்வளவு கொடுப்பது? இதுதான் கடினமான பாடம். ஒரே எடையுள்ள இரண்டு பேருக்கு ஒரே அளவு சரிப்படுவதில்லை. ஒருவருக்குப் போதாதது இன்னொருவரைக் கொல்லும்.

ஆர்மண்ட் குவிக் என்ற அமெரிக்கர் 1935-இலேயே ஒரு சோதனை கொடுத்திருந்தார். உறையாமல் பிடித்துவைத்த ரத்தத்தின் தெளிநீரில் மூளைத் திசுவிலிருந்து எடுத்த ஒரு பொருளும் கால்சியமும் சேர்த்து, உறைய எத்தனை விநாடி என்று எண்ண வேண்டும். சாதாரணமாகப் பன்னிரண்டு விநாடி போல வரும். மருந்து எடுப்பவர்களுக்கு அது நீளும். கேட்க எளிது. சிக்கல் எங்கே என்றால், அந்த மூளைப் பொருள் ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறு. ஒரே ஆளின் ரத்தம் ஒரு கூடத்தில் 18 விநாடி, இன்னொன்றில் 30 விநாடி. மந்தமான பொருளைப் பயன்படுத்திய அமெரிக்க மருத்துவர்கள், விநாடி போதவில்லை என்று மருந்தைக் கூட்டினார்கள். அங்கே நோயாளிகளுக்கு ரத்தக்கசிவு அதிகமானது. மருந்தில் குறையில்லை. அளவுகோல் ஊருக்கு ஊர் வேறாக இருந்தது. சந்தையில் ஆளுக்கொரு படி வைத்து நெல் அளந்த கதைதான்.

மான்செஸ்டரில் லியோன் போலர் போன்றவர்கள் பல வருடம் இதற்காகப் போராடினார்கள். கடைசியில் 1983-இல் உலக சுகாதார நிறுவனம் ஒரே படியை ஏற்றுக்கொண்டது. அதுதான் நாம் சீட்டில் பார்க்கும் ஐஎன்ஆர். எந்த ஊரில் சோதித்தாலும் ஒரே பொருள் தரும் எண். மாத்திரை சாப்பிடாதவருக்கு 1 அளவில் இருக்கும். என்னைப் போல மைட்ரல் இடத்தில் உலோக வால்வு வைத்தவர்களுக்குப் பொதுவாக 2.5-லிருந்து 3.5-க்குள் இருக்கச் சொல்வார்கள். வேறு வால்வு, வேறு நோய் என்றால் எல்லை வேறு, உங்கள் மருத்துவர் எழுதிக் கொடுத்திருப்பார். எல்லைக்குக் கீழே போனால் கட்டி, மேலே ஏறினால் கசிவு.

இன்னொன்றும் புரிந்துகொள்ள வேண்டும். கல்லீரல் ஏற்கெனவே செய்து அனுப்பிய புரதங்கள் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். சில ஆறு மணி நேரத்தில் பாதியாகும், புரோத்ராம்பின் பாதியாக இரண்டரை நாளுக்கு மேல் ஆகும். ஆகவே இன்று விழுங்கும் மாத்திரையின் முழுக் கணக்கு சில நாள் கழித்துத்தான் தெரியும். நிறுத்தினாலும் அப்படித்தான், அன்றைக்கே ஒன்றும் ஆகாது. நிறுத்தியவர்கள் ஏமாந்துபோவது இந்த இடத்தில்தான். முதல் வாரம் சுகமாகவே இருக்கும். கட்டி சத்தம் போடாமல் சேரும்.

“இவ்வளவு தொல்லை பிடித்த பழைய மாத்திரை எதற்கு மாமா, சோதனையே வேண்டாத புது மாத்திரைகள் வந்துவிட்டனவே?” என்று சென்னையிலிருந்து என் அக்காள் மகன் கேட்டான். நியாயமான கேள்வி. 2010-க்குப் பிறகு அப்படிச் சில மாத்திரைகள் வந்திருக்கின்றன. வேறு காரணத்தால் இதயத் தாளம் தப்பியவர்கள், காலில் ரத்தக்கட்டி வந்தவர்கள் பலருக்கு அவை நல்ல மாற்று. ஆனால் உலோக வால்வுக்காரர்களுக்கு டாபிகாட்ரான் என்ற புது மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்வை 2012-இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். கட்டியும் கூடியது, கசிவும் கூடியது. 2022-இல் இன்னொரு ஆய்வு வெளிவந்தது. ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா நாடுகளில் முடக்குவாதக் காய்ச்சலால் வால்வு கெட்டு இதயத் தாளமும் தப்பிய நாலாயிரத்து ஐந்நூறு பேர் போல. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்களுக்கு இதில் முக்கியப் பங்கு. புது மருந்தான ரிவராக்ஸபானைவிடப் பழைய மருந்து எடுத்தவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது. ரத்தக்கசிவு கூடவும் இல்லை. ஆய்வு நடத்தியவர்களே எதிர்பார்க்காத முடிவு.

அந்த முடக்குவாதக் காய்ச்சல் யாருக்கு வருகிறது? ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் படுக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு. முதலில் தொண்டைவலி, பிறகு முழங்கால் வீக்கம், அது தானாகப் போய்விடும், பல வருடம் கழித்து வால்வு சுருங்கியிருக்கும். எனக்கு அப்படித்தான். பள்ளிக்கூட நாளில் 21 நாளைக்கொரு பெனிசிலின் ஊசி. அந்த வலிக்குப் பயந்து பனந்தோப்பில் ஒளிந்திருக்கிறேன். பணக்கார நாடுகளில் இந்த நோய் ஏறக்குறைய மறைந்துவிட்டது. நம் போன்ற ஊர்களில்தான் மிச்சம். அதனால் இதற்கு மலிவான வால்வை நாமேதான் செய்துகொள்ள வேண்டியிருந்தது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிலையத்தில் டாக்டர் வலியத்தான் தலைமையில் மூன்று வடிவங்கள் தோற்று நான்காவது வென்றது. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். உலோகச் சட்டம், அதற்குள் சாய்ந்து திறக்கும் பிளாஸ்டிக் வட்டு. எனக்குள் டிக் டிக் அடிப்பது அந்தச் சித்திரா வால்வுதான். வால்வு நம்முடையது, மாத்திரை கனடா மாட்டினுடையது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் இந்தப் பதிவை எழுத ஆள் இருக்காது.

இனி நம் ஊர் நடைமுறை. அனுபவத்திலும் மருத்துவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டவை.

முள், நண்டுக் கொடுக்கு, இறால் கொம்பு, மட்டி ஓடு, இவை குத்தாமல் ஏரித் தொழில் இல்லை. குத்தினால் சுத்தமான துணியை வைத்துப் பதினைந்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். நின்றதா என்று நடுவில் தூக்கித் தூக்கிப் பார்க்கக் கூடாது. நிற்காவிட்டால் மருத்துவமனை. கை கால்களில் சின்னச் சின்ன நீலம் இருக்கத்தான் செய்யும். என் பேத்தி என் கையைப் பார்த்து “தாத்தா, இங்க் கொட்டிட்டீங்களா?” என்பாள். அதற்குப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியவை வேறு: மலம் தார் போலக் கறுப்பாகப் போவது, சிறுநீர் சிவப்பது, காரணமின்றிப் பெரிது பெரிதாக நீலம் பரவுவது, மூக்கிலோ ஈறிலோ நிற்காத ரத்தம், பெண்களுக்கு மாதவிலக்கு அளவு மீறிப் போவது, தாங்க முடியாத திடீர்த் தலைவலி. படகில் தலை இடித்துக்கொண்டால் வெளியே காயமே இல்லாவிட்டாலும் போய்க் காட்ட வேண்டும். ஒரு பக்கம் கை கால் வராமல் போனாலோ வாய் கோணினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

நம் மக்களுக்கு ஊசி மேல் தனிப் பக்தி. காய்ச்சலா, மூட்டுவலியா, ஊசி போட்டால்தான் திருப்தி. சதையில் போடும் ஊசி இந்த மாத்திரைக்காரர்களுக்கு உள்ளே ரத்தம் கட்டவைக்கும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகள் வயிற்றில் கசிவைக் கிளப்பும். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோல் போன்றவை ஐஎன்ஆரை ஏற்றிவிடும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் நேர்மாறாக மாத்திரையின் பலத்தையே இறக்கிவிடும். அதனால் யாரிடம் வைத்தியத்துக்குப் போனாலும், நாட்டு வைத்தியரானாலும் பல் மருத்துவரானாலும், வாயைத் திறந்து முதலில் சொல்ல வேண்டியது “நான் இந்த மாத்திரை சாப்பிடுகிறேன்” என்பதுதான். பல் பிடுங்க வேண்டுமென்றால் நாமாக நிறுத்தக் கூடாது. இதய மருத்துவர் சொல்லட்டும்.

கீரையை அறவே விட்டுவிட்டவர்களைப் பார்க்கிறேன். பாவம். முருங்கைக்கீரையிலும் பசலையிலும் வைட்டமின் கே நிறைய உண்டு, உண்மை. அதற்காக விட வேண்டியதில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் என்றால் எல்லா வாரமும் இரண்டு நாள். ஒரு மாதம் தொடாமல் இருந்துவிட்டு ஆடி மாதம் முருங்கைக்கீரைக் கூழாகவே தின்றால்தான் கணக்கு கெடும். மீன் தாராளமாகச் சாப்பிடலாம், பழவேற்காட்டு இறாலும் சேர்த்து. இந்த வரியை என் சம்பந்தியம்மாள் படிக்க வேண்டும். சாராயம் கூடாது. யாரென்று நான் சொல்லவில்லை, அவனுக்கே தெரியும்.

ஒரு வேளை மறந்தால் மறுநாள் இரட்டிப்பாக விழுங்கக் கூடாது. நான் நாட்காட்டித் தாளில் தினமும் இரவு ஒரு டிக் போடுகிறேன். விடைத்தாள் திருத்திய கைக்கு அது இயல்பாக வருகிறது.

வால்வு மாற்றிய பெண்பிள்ளைகள் நம் குப்பங்களிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அவர்களைக் கட்டிக்கொடுக்கும் பெற்றோருக்கும்: இந்த மாத்திரை தாயிடமிருந்து கருவுக்குப் போகும், முதல் மாதங்களில் குழந்தையைப் பாதிக்கலாம். ஹெபாரின் ஊசி கருவுக்குப் போகாது. எப்போது எதை எவ்வளவு என்பதைக் கர்ப்பத்துக்கு முன்பே மருத்துவரிடம் பேசித் தீர்மானிக்க வேண்டும். மறைத்துக் கல்யாணம் செய்து, பிறகு புகுந்த வீட்டுக்குத் தெரியாமல் மாத்திரையை விட்ட பெண்ணொருத்தியை எனக்குத் தெரியும். மேற்கொண்டு எழுத விருப்பமில்லை.

கடைசியாகச் சோதனை. பலர் சோதனையைத் தவறவிடுவது சோம்பலால் அல்ல. ஏரியில் பாட்டு முறைப்படி தன் வலை நாள் வரும்போது ஆஸ்பத்திரிக்குப் போனால் அந்த நாள் வருமானம் போயிற்று. அடுத்த முறை எப்போது வருமோ. மாத்திரையைவிட டிக்கெட்டும் சோதனையும் ஒரு நாள் கூலியும்தான் செலவு. உங்களில் வெளிநாட்டிலும் சென்னையிலும் நன்றாக இருப்பவர்கள், ஊரில் யாருக்காவது ஏதாவது செய்ய வேண்டும் என்று என்னிடம் கேட்பதுண்டு. கோயில் வளைவுக்குக் கொடுத்தது போதும். தெரிந்த ஒரு ஆளின் மாதச் சோதனையை ஏற்றுக்கொள்ளுங்கள்.

நான் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை காலை எளாவூர் ஸ்டேஷனில் சூலூர்பேட்டையிலிருந்து வரும் மின்ரயிலைப் பிடித்துச் சோதனைக்குப் போகிறேன். இப்போது என்னோடு மூன்று பேர் வருகிறார்கள். அந்த நாள் யாருக்காவது பாட்டு நாளாக இருந்தால் புதன்கிழமைக்கு மாற்றிக்கொள்கிறோம். வர விரும்புபவர்கள் முதல் நாளே சொல்லுங்கள். பழைய சீட்டையும், சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.